போக்கரில் எப்போது தொடர்வது, எப்போது விலகுவது?

ரம்மி மட்டுமே ஆடிப் பழகியவர் டெக்சஸ் ஹோல்டெம் போக்கரை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் சீட்டை எடுத்து இறக்கும் வேலையே இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, இறுதியாக இன்னொன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து அமையும் சிறந்த ஐந்தே உங்கள் கை. சீட்டு போட்டவுடனும் ஒவ்வொரு திறப்புக்குப் பின்பும் பந்தயம் நடக்கும்.

எந்தக் கை பெரியது என்பதை, அது எவ்வளவு அரிது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஒரே இனத்தில் தொடர்வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் நீங்கலாக, ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள் (ஃப்ளஷ்) அமையும் வழிகள் 5,108. தொடர்வரிசை (ஸ்ட்ரெய்ட்) அமையும் வழிகளோ 10,200. அதனால்தான் ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட்டை வெல்கிறது.

விலகுவதற்கும் கணக்கு உண்டு. நல்ல கை இருப்பதுபோல் காட்டிக் கட்டும் பொய்ப் பந்தயத்தைவிட இதையே முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுச் சீட்டுகளையும் சேர்த்து உங்களுக்கு நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டுகள் அமைந்து, கடைசிச் சீட்டு மட்டும் திறக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் பார்க்காத 46 சீட்டுகளில் 9 மட்டுமே ஆட்டின் என்பதால் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. எதிராளி கட்டியதையும் சேர்த்து நடுவில் 300 இருக்க, தொடர்வதற்கு நீங்கள் 100 போட வேண்டுமென்றால், நான்கில் ஒரு முறையாவது வென்றால்தான் கட்டுப்படியாகும், ஆகவே விலகிவிடுங்கள். நடுவில் 500 இருந்தால் ஆறில் ஒரு முறை வென்றாலே போதும், தாராளமாகத் தொடரலாம்.