ஒலி மந்தமான காதுக்கே போனால்

வணக்கம் தங்கைச்சி. கிளிநொச்சியில் பயிற்சியில் இருந்தபோது, இடக்காது மந்தமான கமக்காரர் ஒருவரின் நெற்றி நடுவில் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரு கவர் உலோகக் கருவி) வைத்ததாகவும், ஒலி இடப்பக்கமே கூடுதலாகக் கேட்டதால் கேள்விக்கும் சமநிலைக்குமான எட்டாவது மண்டையோட்டு நரம்பு பழுதென்று நீங்கள் எழுதியதை வைத்தியர் வெட்டிவிட்டதாகவும் கேட்டிருந்தீர்கள்.

வெட்டியது சரியே. நரம்பு பழுதானால் ஒலி நல்ல காதுக்குப் போகும். குறும்பியோ சீழோ செவிப்பறைத் துளையோ வெளி ஒலியை மறிக்கும்போதுதான் எலும்பு வழியே வரும் ஒலி மந்தமான காதில் ஓங்கிக் கேட்கும். ஆகவே முதலில் வெளிச்சம் பிடித்துக் காதுக்குள் பாருங்கள். பிறகு கவையின் அடியைக் காதின் பின்னெலும்பில் அழுத்தி, அடுத்து அதன் கவர்களைக் காதுத் துளைக்கு முன்னே பிடித்து, எது பலமாகக் கேட்கிறதென்று கேளுங்கள். பின்னெலும்பே என்றால் பெரும்பாலும் கடத்தல் தடைதான், அதாவது ஒலி உட்காதுக்குப் போகும் வழி மறிபட்டதுதான். ஆனால் ஒரு காது முழுச் செவிடானாலும், எதிர்க்காது எலும்பு வழியே கேட்டு அதே விடையைத் தந்துவிடும் என்பதால், நெற்றிச் சோதனை, பின்னெலும்புச் சோதனை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 512 ஹெர்ட்ஸ் கவையையே எடுங்கள்; 128 கவையில் அதிர்வை உணர்வதையே கேட்பதாக நோயாளி சொல்லிவிடுவார்.

கவையில்லாமல் கிசுகிசுத்தும் கேள்வியைச் சோதிக்கலாம். முல்லைத்தீவுக் கிளினிக் ஒன்றில் மின்விசிறி இரைய இரைய நான் கிசுகிசுத்து, நல்ல காதையே மந்தமென்று குறித்திருக்கிறேன். விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று, மறு காதின் முன்மடலை (துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டை) விரலால் தேய்த்தபடி இலக்கங்களைக் கிசுகிசுத்துச் சொல்லுங்கள்.

சமநிலைக்கு, கண்ணை மூடி நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடக்கச் சொன்னால், உட்காது பழுதான பக்கம் உடல் திரும்பக்கூடும். அப்போது அவரைத் தாங்கிப் பிடிக்கும் தூரத்திலேயே நில்லுங்கள்.