அபராதத்தால் அக்கறை வருமா?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கிறேன். பையர் ஆடிட் (துணி வாங்கும் நிறுவனத்தின் சோதனை) வருகிறதென்று ‘மின்சாரம் சேமிப்போம்’ என்று சுவரெல்லாம் ஒட்டினோம். டீ டைமில் மெஷினை ஆஃப் பண்ணாமல் போனால் அபராதம் என்று முதலாளி நோட்டீஸும் போட்டார். எதுவும் மாறவில்லை. கட்டிங் வேஸ்ட்டைக் கலர்வாரியாகப் பிரித்துப் போடவும் ஆளில்லை. தொழிலாளர்களுக்கு அக்கறை வர என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அப்போது வேலையில்லாமல் நின்றது தொழிலாளர் குடும்பங்கள்தான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதை அவர்களுக்குப் போஸ்டர் ஒட்டியா சொல்ல வேண்டும்?

நீங்கள் எதைக் கணக்கு பார்க்கிறீர்கள் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். சாயங்காலம் லைன் சூப்பர்வைசரிடம் கேட்பது ‘எத்தனை பீஸ் ஆச்சு?’ என்ற ஒரே கேள்வி. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு வேஸ்ட் பிரிக்கிற நேரமெல்லாம் கூலி நஷ்டம். வெள்ளை வேஸ்ட் தனியாக இருந்தால் நல்ல விலை, கலந்துவிட்டால் விலை இறங்கிவிடும். பிரிப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பணத்தில் கட்டிங் ஆட்களுக்கு ஒரு பங்கு கொடுக்கச் சொல்லுங்கள். கைக்கெட்டும் இடத்தில் தனித்தனி சாக்கும் கட்டி வையுங்கள்.

மெஷின் விஷயத்தில் முதல் பொறுப்பு முதலாளிக்கு. பழைய க்ளட்ச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். அதுவரை பெல் அடித்ததும் லைன் ஸ்விட்சை அணைப்பது சூப்பர்வைசர் வேலை. லைனுக்கொரு மீட்டர் வைத்து, பீஸ் கணக்குக்குப் பக்கத்திலேயே யூனிட் கணக்கையும் எழுதுங்கள்.

நான் மேனேஜராக இருந்த இடத்தில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது, மெஷின்களுக்கு ட்யூப் வழியாக அழுத்தக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினும் நின்ற பிறகு அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். யாருமே காற்று எடுக்காதபோதும் அது திரும்பத் திரும்பக் காற்றை நிரப்ப ஓடினால், அத்தனையும் கசிவு. பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படியே வீணாவது சகஜம். எந்த ட்யூபில் ‘உஸ்’ என்று சத்தம் வருகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிற அம்மாவுக்குத் தெரியும். சொன்னால் ‘நீ உன் வேலையைப் பாரு’ என்பார்கள் என்ற பயத்தில் சொல்லமாட்டார். நாங்கள் லைன்தோறும் சிவப்பு அட்டைகள் வைத்தோம். கசிவைக் கண்டவர் அந்த இடத்தில் அட்டையைக் கட்டிவிடலாம். அன்றைக்கே மெக்கானிக் சரிசெய்ய வேண்டும். கண்டுபிடித்தவர் பெயரும் சரிசெய்தவர் பெயரும் போர்டில் வரும். முதல் அட்டைக்கு உடனே ஆள் போனதால்தான் அடுத்தடுத்த அட்டைகள் வந்தன. அமெரிக்காவின் 3எம் நிறுவனமும் 1975லேயே, மாசை உற்பத்தியிலேயே குறைக்கும் யோசனைகளை ஊழியர்களிடமிருந்து வாங்கிச் செயல்படுத்தத் தொடங்கியது.

அபராத நோட்டீஸை எடுத்துவிடுங்கள். அபராதம் இருக்கிற இடத்தில் தவறை மறைப்பார்கள், கசிவையும் சேர்த்து மறைப்பார்கள். முதலாளி தயங்கினால், அடுத்த சாப்பாட்டு பெல்லுக்கு அவரையே கம்ப்ரஸர் ரூமுக்குக் கூட்டிப்போங்கள்.