முட்டிக்கொண்டு நிற்கும் தெருக்கள்

கேள்வி: வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நெரிசலுக்கு ஒரு முடிவே இல்லையா? சாலைகளை இன்னும் அகலப்படுத்தினால்தானே வேலூருக்கு விடிவு?
- ஒரு வாசகர், அரியூர்

பதில்: அகலம், அகலம் என்று இன்னும் எத்தனை வருடம் கேட்பீர்கள்! இந்தப் பக்கத்தில் இதற்காகப் பலரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், இன்னொரு முறையும் கட்டுகிறேன். வேலூருக்குக் குறைவது தெருவுக்குத் தெரு இணைப்பு.

லாங் பஜாருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். குறுகலான சந்துகள்தான். ஆனால் ஒன்று அடைத்தால் அடுத்ததில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். காட்பாடி காந்தி நகரில் மெயின் ரோடும் கிராஸ் ரோடுமாக வெட்டிக்கொண்டு போகும். இப்போது ஊருக்கு வெளியே போடுகிற லேஅவுட்டுகள்? எந்த சர்வே எண் விலைக்கு வந்ததோ, அதன் வரப்புதான் அந்த 'நகரின்' எல்லை. முகப்பில் ஒரு வளைவு, உள்ளே 30 அடி ரோடு, கடைசியில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் போட்ட லேஅவுட். பள்ளிக்கூடம் மொட்டைமாடியிலிருந்து தெரியும். பிள்ளை அங்கே போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். அதனால் வீட்டுக்கு இரண்டு பைக். அத்தனையும் ஒரே வாசல் வழியாக வந்து விழுந்தால் கிரீன் சர்க்கிள் என்ன செய்யும்?

காட்பாடிக்கும் நமக்கும் நடுவில் பாலாறு கிடக்கிறது, சரி, அது இயற்கை. மதிலைக் கட்டியது நாம். 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தபோதே தெருக்களையும் கோத்திருக்க வேண்டும். 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வந்தபோதும் பணம் கட்டச் சொன்ன கையோடு, பக்கத்து லேஅவுட்டுக்கு வழி விடச் சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவே உலகப்போருக்குப் பிறகு முட்டுச்சந்துகளாகப் போட்டுத் தள்ளி, 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போய், அப்புறம்தான் மெல்லத் திரும்பியது. டோக்கியோவில் குறுகிய தெருக்கள் எத்தனையோ. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வீட்டை இடித்துக் கட்டிவிடலாம். தெருவின் முனையில் மனையை விற்று, பட்டாவும் மாறிவிட்டால் அங்கே வழி எடுப்பது பெரும்பாடு. ஆகவே அனுமதி கொடுக்கும்போதே அந்தக் கடைசி மனையை ரோடாக விடச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பத்தடி நடைவழியாவது வேண்டும். உங்கள் பக்கம் மனை பார்க்க வருகிறவர்களிடம் சொல்லுங்கள்: வளைவோடு நின்றுவிடாமல் பின்மதில் வரை நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.