இணையக் கருத்தாய்வில் எண் பதில்களின் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கூட்டிப் பார்ப்பது எளிது. கூட்டல் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பங்களின் மாதச் செலவைக் கேட்கும் படிவங்களைத் தயாரிப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் படிவம் தயாரிக்கும் கருவி. கூகுள் ஃபார்ம்ஸ் ஒவ்வொரு பதிலையும் தனியாகவே சோதிக்கும். பல பதில்களைக் கூட்டிப் பார்க்காது. லைம்சர்வேயில் பல எண்களை ஒன்றாகக் கேட்கும் கேள்வி வகை உண்டு. மொத்தம் இவ்வளவு வர வேண்டும் என்று அமைத்துவிட்டால், நிரப்பும்போதே மொத்தமும் மீதியும் கீழே தெரியும். கோபோ டூல்பாக்ஸில் நிபந்தனையை நாமே சூத்திரமாக எழுத வேண்டும். அங்கே ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் கூட்டல் கெட்டுவிடும். காலியை 0 என்று கொள்ளும்படி எழுதுங்கள்.

விழுக்காடாகக் கேட்காதீர்கள். மூன்று பங்காகச் செலவு செய்பவர் 33.3 என்று மூன்று முறை எழுதினால் 99.9தான் வரும், படிவம் அவரைத் திருப்பி அனுப்பும். தசமம் வந்தாலே கணினியிலும் சிக்கல்தான்: 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் அதற்குத் துல்லியமாக 0.3 கிடைப்பதில்லை. ரிங்கிட்டில் கேளுங்கள், விழுக்காட்டை நீங்கள் கணக்கிடுங்கள். சென் (ரிங்கிட்டின் நூறில் ஒரு பங்கு) வேண்டாம். 2008 ஏப்ரல் முதல் கடைகளில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையே 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. மாதச் செலவுக்கு முழு ரிங்கிட் தாராளமாகப் போதும்.

இனி முக்கியமானது. மொத்தம் பொருந்தாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாமல் தடுத்தால், மக்கள் யோசித்துத் திருத்துவதில்லை. மிச்சத்தைக் கடைசிப் பெட்டியில் கொட்டிவிடுகிறார்கள். கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அக்கா நிரப்புவதை அருகில் இருந்து பார்த்தேன். வாடகை, மளிகை, பெட்ரோல், டோல், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் எழுதினார். மாத மொத்தத்துக்கு 350 ரிங்கிட் குறைந்தது. ஒரு கணமும் தயங்காமல் “மற்றவை”யில் 350 என்று போட்டார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டபோது, அது மாதாமாதம் அம்மாவுக்குக் கொடுக்கும் பணம் என்றார். அதற்கு என் படிவத்தில் வரியே இல்லை. கூட்டல் அப்பழுக்கில்லாமல் இருந்தது, ஆனால் ஒரு குடும்பத்தின் பெரிய கடமை தரவில் காணாமல் போயிருந்தது.

ஆகவே தடுக்காதீர்கள், எச்சரியுங்கள். “இன்னும் 350 ரிங்கிட் கணக்கில் வரவில்லை, ஏதாவது விட்டுப்போனதா?” என்று கேட்டு, பதில் எழுத ஒரு பெட்டி கொடுங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் அனுப்ப விடுங்கள். வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையில் சேமித்து, பகுப்பாய்வின்போது எவ்வளவு வரை ஏற்பது என்று முடிவு செய்யலாம்.