அமைதியான பெண் குழந்தைக்கும் ஏடிஹெச்டி இருக்குமா?

ஒன்பது வயது மகள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, ஆனால் எதையும் முடிப்பதுமில்லை, இது ஏடிஹெச்டியாக, அதாவது கவனச்சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் சார்ந்த குறைபாடாக, இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். “சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எதற்கு டாக்டர்?” என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது நான்தான்.

காலை ஏழேமுக்காலுக்கு வேன் வந்துவிடும். ஏழு மணிக்கு என் மகள் ஒரு காலில் சாக்ஸ் மாட்டுவாள். ஏழரைக்கு எட்டிப் பார்த்தால் மற்றது கையிலேயே இருக்கும்; அதில் பிரிந்த நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பாள். கத்தினால் திடுக்கிட்டு விழிப்பாள். நடிப்பில்லாத விழிப்பு. ஒரே பருவத்தில் நான்கு தண்ணீர் பாட்டில்களைத் தொலைத்தாள். கணக்கு நோட்டில் பாதிக் கணக்குகள் மூன்றாவது வரியோடு நின்றிருக்கும். அவள் வகுப்பில் மேசை மேல் ஏறிக் குதித்த பையனை மூன்றாம் வகுப்பிலேயே டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். இவளுக்கு ஏழாம் வகுப்பு வரை ஆயிற்று.

துறுதுறுப்பே இல்லாமல் கவனச்சிதறல் மட்டும் மேலோங்கிய வகையும் உண்டு, பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் தவறவிடப்படுவது அதுதான் என்றார் டாக்டர். அதற்குரிய 9 அறிகுறிகளில் குறைந்தபட்சம் ஆறு, குறைந்தது 6 மாதங்களாக, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சின்ன வகுப்பு நோட்டுகளைக் கேட்டார். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டிருந்தேன்.

ஆசிரியையைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் போவது? அரைநாள் விடுப்பு எடுத்துப் போனால் மூன்று நிமிடம் பேசுவார்கள். அப்பாக்கள் வராததை யாரும் கேட்பதில்லை. நான் ஒருமுறை வராததற்கு டைரியில் சிவப்பு மையில் எழுதியனுப்பினார்கள்.

மறதிக்காரப் பிள்ளைக்கெல்லாம் நோய்ப் பெயர் வைக்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் டாக்டர் இல்லை. கண், காது, தூக்கம் எல்லாம் பார்த்த பிறகுதான் எங்களுக்கே சொன்னார்கள். செல்போன் கொடுத்துக் கெடுத்தேன் என்பவர்களுக்கு: அந்த சாக்ஸ் கூத்து நடந்த நாட்களில் அவளிடம் செல்போனே கிடையாது.

குழந்தை மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை பழைய நோட்டு, ரிப்போர்ட் கார்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள்.