பிரதமரின் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ வெறும் உதவியாளர்தானா?

கேள்வி: பிரிட்டன், கனடா பிரதமர்களுக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃப் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் பெரிய உதவியாளர்தானே? அமைச்சர்களே ஏன் அவரிடம் பம்முகிறார்கள்?

காரைக்குடிப் பக்கத்துக்காரனான எனக்கு இதைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அந்தக்காலச் செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளைதான். முகப்பில் சாய்வு மேசையோடு உட்கார்ந்திருப்பார். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் எதைக் காலையிலேயே செட்டியாரிடம் வாசிப்பது, எது சாயங்காலம் வரை கிடக்கலாம், கடன் கேட்டு வந்தவரை உள்ளே விடுவதா, ‘ஐயா கோயிலுக்குப் போயிருக்காக’ என்று திருப்பி அனுப்புவதா, எல்லாம் அவர் கணிப்பு. சொத்தில் ஒரு காசு அவருடையதில்லை. ஆனாலும் ஊர் அவரை அனுசரித்துத்தான் போகும்.

பிரதமர் வீட்டு வாசலிலும் அதே கதைதான். யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு முதலில் போகும், இரண்டு அமைச்சகங்கள் முட்டிக்கொண்டால் பிரதமர் வரை போகாமல் யார் தீர்த்துவைப்பது, இதெல்லாம் இவர் பொறுப்பு. கஷ்டமான பகுதி ‘முடியாது’ என்று சொல்வது. அமைச்சரிடம் சொல்வதாவது பரவாயில்லை, பிரதமரிடமே ‘இது வேண்டாங்க’ என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்த நாற்காலிக்கு லாயக்கு.

பிரிட்டனில் 1997இல் டோனி பிளேர் ஜொனாதன் பவலை அமர்த்தினார். பவல் வந்தது அரசியல் நியமனத்தில். அப்படி வந்தவர் அரசு அதிகாரிகளுக்கு உத்தரவு போட முடியாது என்பதால், அதற்கென்றே தனி ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. 2007இல் பிளேர் விலகும்வரை பவல் கூடவே இருந்தார்.

ஆளே வேண்டாம் என்று பார்த்தவரும் உண்டு. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1977இல் பதவியேற்றபோது அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அவர் தலையிலேயே வந்து விழுந்தது. 1979இல் ஹாமில்டன் ஜோர்டனை நியமித்தார்.

சரி, அதிகாரம் இரவல் என்பதை மறந்தால்? கனடாவில் ஸ்டீபன் ஹார்ப்பரின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் நைஜல் ரைட், ஒரு செனட்டர் திருப்பிக் கட்ட வேண்டிய செலவுப் பணத்துக்குத் தன் சொந்தக் கையிலிருந்து 90,000 டாலருக்கு மேல் காசோலை கொடுத்தார். 2013இல் விஷயம் வெளியே வந்தது, பதவி போயிற்று. வாசலில் நிற்பவர் செய்தியாகிவிட்டால் அப்புறம் அங்கே நிற்க முடியாது.

நம் நாட்டில் அந்தப் பெயரில் பதவி கிடையாது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்பவர் பிரதமரின் முதன்மைச் செயலாளர். 1964இல் சாஸ்திரி, எல்.கே. ஜாவைத் தன் செயலாளராக வைத்துக்கொண்டபோதே அந்த அலுவலகத்துக்குக் கனம் கூடத் தொடங்கியது. இந்திரா காந்தி காலத்து பி.என். ஹக்சர் அதை உச்சிக்குக் கொண்டுபோனார். வாஜ்பாயிடம் இருந்த பிரஜேஷ் மிஸ்ரா முதன்மைச் செயலாளராகவும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். என்னைக் கேட்டால், ஒருவர் கையில் அவ்வளவு சாவி இருப்பது நல்லதில்லை. 2004இல் ஆட்சி மாறியதும் அந்த இரண்டு பதவிகளுக்கும் வேறுவேறு ஆட்களைப் போட்டார் மன்மோகன் சிங்.