வீட்டு மொழியில் இன்னொரு முறை பாடியவர்கள்

கேள்வி: இரண்டு மொழிகளில் பாடும் ஒரு ஸ்கா-பங்க் குழு 30 வருடங்களுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது?

இந்தக் கேள்விக்கு அப்படியே பொருந்துகிற குழு வூடு க்ளோ ஸ்கல்ஸ். கலிபோர்னியாவில் ரிவர்சைட் என்ற ஊர்க்காரர்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறக்குறைய மதுரைக்கும் காரைக்குடிக்கும் உள்ள தூரம். 1988-இல் மெக்சிக வம்சாவளிக் குடும்பத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஃப்ராங்க் காசியாஸ் பாட்டு, எடி கிட்டார், ஹோர்ஹே பேஸ் கிட்டார்.

நான் மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல்படி தாண்டினால் தமிழ். அதனாலேயே இந்தக் குழு மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்கா தெரியாதவர்களுக்காக: 1950-களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்த இசை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கைதட்டுங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் கிட்டாரைச் சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். அந்த வெட்டுதான் ஸ்கா. 1979 வாக்கில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி இளைஞர்கள் அதைப் பங்க் என்கிற முரட்டு ராக் இசையின் வேகத்தோடு சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் வேகத்தை இன்னும் ஏற்றினார்கள். கூடவே ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ரோம்போன். நம் ஊர்க் கல்யாண பேண்ட் செட்டில் இருக்கும் கருவிகள்தான்.

கீழவாசலில் பேண்ட் செட் வாசிக்கிற ஒரு தம்பிக்கு இவர்கள் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாடகரை அவன் கவனிக்கவே இல்லை. ட்ரம்பெட் வருகிற இடத்தில் மட்டும் காதைக் கொடுத்தான், மூன்று விரலும் தொடையில் தன்னால் தட்ட ஆரம்பித்தன. "என்னண்ணே, மூச்சு வாங்க எடமே விடலையே" என்றான். ஊர்வலத்தில் நடந்துகொண்டே மணிக்கணக்கில் ஊதுகிற ஆள் சொல்கிற வார்த்தை அது. இந்த இசை எவ்வளவு உடல் உழைப்பைக் கேட்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதல் முழு ஆல்பம் 1993-இல், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்ற சின்ன நிறுவனத்தில். அடுத்து பங்க் உலகில் பெரிய பெயரான எபிடாஃப் நிறுவனம் கூப்பிட்டது. 1995-இல் 'ஃபிர்மே' ஆல்பம் ஆங்கிலத்தில் வந்தது. அப்புறம் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு முக்கியம். அதே ஆல்பத்தை ஸ்பானிஷிலும் பாடி வெளியிட்டார்கள்.

ஒரு பாட்டுக்குள் ஊறுகாய் மாதிரி இரண்டு வரி வீட்டு மொழியைத் தொட்டுக்கொள்வது எல்லோரும் செய்வது. முழு ஆல்பத்தையும் மறுபடி பாடுவது வேறு. மூச்சு வாங்க இடமில்லாத வேகத்தில் ஓடுகிற மெட்டு. அதில் ஒரு மொழியில் மூன்று அசையில் முடிகிற சொல் இன்னொரு மொழியில் ஐந்து அசை கேட்கும். பாதி வரிகளைப் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும். நம் டப்பிங் பாட்டு எழுதுகிறவர்களைக் கேட்டால் இந்தக் கஷ்டத்தைச் சொல்வார்கள். வீட்டில் பேசுகிற மொழிக்கும் அதே உழைப்பைக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் குழுவின் பெருமை என்று நினைக்கிறேன்.

நீண்ட ஆயுளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. 90-களின் நடுவில் அமெரிக்க ரேடியோவில் ஸ்கா ஓகோவென்று இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அலை வடிந்து, பல குழுக்கள் கலைந்தன. ரேடியோவை மட்டும் நம்பியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. இவர்களுக்கு ஸ்பானிஷ் பேசுகிற ரசிகர்கள் இருந்தார்கள், ஊர் ஊராகப் போய் வாசிக்கிற பழக்கமும் இருந்தது. 2002-இல் விக்டரி நிறுவனத்துக்கு மாறினார்கள். 2004-இல் வந்த ஆல்பத்துக்குத் தலைப்பே ஸ்பானிஷில்தான். 2012-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 2021-இல் மறுபடி ஒரு ஆல்பம்.

இன்னொரு காரணம் குடும்பம். ஊதுகிறவர்கள் பல முறை மாறினார்கள். இங்கேயும் ஒரு முகூர்த்தத்துக்கு இந்த செட்டில் ஊதியவர் அடுத்ததற்கு வேறு செட்டில் இருப்பார். செட்டை நடத்துகிற குடும்பம் நிலையாக இருந்தால் பெயர் நிற்கும். 2017-இல் பாடகர் ஃப்ராங்க்கே விலகியபோதும் எடியும் ஹோர்ஹேயும் விடவில்லை. டெத் பை ஸ்டீரியோ குழுவின் எஃப்ரெம் ஷுல்ஸை முன்னால் நிறுத்தித் தொடர்ந்தார்கள்.

மதுரையில் பிறந்த டி.எம்.எஸ். எங்கள் மொழிக்காரர். தமிழ்நாடு முழுக்க அவர் தமிழைக் கொண்டாடியது. அவருடைய வீட்டு மொழி எது என்று பலருக்குத் தெரியாது. இன்றைய பிள்ளைகள் இரண்டிலும் பாட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. அது தெரியாவிட்டால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டில் பலரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் 'ஃபிர்மே'யின் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், பிறகு 1997-இல் வந்த 'பைலே தே லோஸ் லோகோஸ்'. ஊதத் தெரிந்தவர் யாராவது பழக்கத்தில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.